பித்ராவும் லொக்கின் கேள்வியும்

பிறக்கும் மனித உள்ளம் வெற்றுத்தாள் என்றார் ஆங்கிலத் தத்துவஞானி ஜோன் லொக். 1689இன் இறுதியில் வெளிவந்த நூலில் அவர் எழுப்பிய கேள்வி கூர்மையானது: ஒழுக்க உணர்வு பிறவியிலேயே இருக்குமாயின், மனிதர் கூட்டமாகச் சேர்ந்து, மனம் உறுத்தாமல் அநீதி இழைப்பது எவ்வாறு? 1762இல் ரூசோ, மனச்சாட்சி பிறவியிலேயே உண்டு, மனிதன் இயல்பில் நல்லவன் என்றார். லொக்கின் கேள்வி அத்துடன் தீர்ந்துவிடவில்லை.

ஒவ்வொரு குழந்தையும் பித்ராவிலேயே பிறக்கின்றது, வளர்ப்பே அதனை மாற்றுகின்றது என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. ஆன்மாவுக்கு நன்மையும் தீமையும் உணர்த்தப்பட்டுள்ளன, மனிதன் அதனைத் தூய்மைப்படுத்தவும் கூடும், புதைக்கவும் கூடும் என்கிறது சூரத்துஷ் ஷம்ஸ். புதைந்தது அழிந்ததாகாது. லொக்குக்கான விடை இங்கேதான் உள்ளது.

பளையில் கற்பிக்கும் எனக்கு இது ஏட்டு விவாதமல்ல. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோரை வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். லொக் சொன்ன கூட்டு அநீதிதான் அது. 2002இல் அவர்களின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் அதற்காக மன்னிப்புக் கோரினார். அதில் அரசியல் தேவையும் இருந்திருக்கலாம். ஆயினும் அநீதியை அநீதியென உணரும் உள்ளம் எங்குமே இல்லையெனில், மன்னிப்பு எதற்கு?

2009இல் போர் முடிந்த பின் பிறந்த பிள்ளைகளே இன்று என் வகுப்பில் இருக்கின்றனர். 1990ஐ மறைக்காமல் அவர்களுக்குச் சொல்வது என் கடமை. அது அநியாயம் என்பதை நான் கற்பிக்க வேண்டியதில்லை.