துணி வெளுத்தவளின் தலை

மேடம் சி. ஜே. வாக்கரை, சுருள்முடியை நேராக்கி வெள்ளை அழகை விற்றவர் என்று ஏசுவோர் உண்டு. ஆனால் அவர் கதை தலை அரிப்பில் தொடங்குகிறது.

சாரா பிரீட்லவ் என்பது அவருடைய இயற்பெயர். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பெற்றோருக்கு 1867இல் லூயிசியானாவில் பிறந்தார். 1890களில் செயின்ட் லூயிஸ் நகரில் ஊர்த்துணி வெளுத்துப் பிழைத்தபோது அவருக்கு முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. அவருக்கு மட்டுமல்ல. வீட்டில் குழாய் இல்லாத கறுப்பினப் பெண்களுக்குத் தலைகுளிப்பதே அரிது. குளித்தாலும் காரச் சோப்பு. பொடுகு புண்ணாகி மயிர்க்கால்களை அடைத்தது. நாள் முழுக்கத் தண்ணீரில் நின்றவளுக்குத் தன் தலைக்குத் தண்ணீர் இல்லை.

மருந்து எளியது: அடிக்கடி அலசுவது, கந்தகக் களிம்பு பூசுவது. கனவில் ஒரு கறுப்பர் வந்து சொன்ன மருந்து என்றார் சாரா. அதை நான் விளம்பரமாகவே வாசிக்கிறேன். அப்படியொரு மருந்தை ஆனி டர்ன்போ முன்பே விற்றுவந்தார். சாராவே அவரிடம் முகவராக இருந்தவர்.

வாக்கரின் முகவர்களில் பலர் அதற்குமுன் சமையல், சலவை வேலை பார்த்த பெண்கள். 1917இல் பிலடெல்பியா மாநாட்டில் அவர்கள் இருநூறு பேருக்குமேல் கூடினார்கள். களிம்பு விற்பனையைப் பேச வந்தவர்கள், கறுப்பர்களைக் கும்பலாகக் கொல்வதற்கு எதிராகச் சட்டம் கேட்டு அதிபர் வில்சனுக்குத் தந்தி அனுப்பினார்கள்.