ஒத்திசைவுப் பிரிப்பி (உயர்வரையறை வீடியோ)

அனலாக் வீடியோ சிக்னலில் படத்தை ஒதுக்கி, வரியும் ஃபீல்டும் தொடங்கும் இடத்தைக் காட்டும் துடிப்புகளை மட்டும் பிரித்துத் தரும் ஐ.சி. சென்னைத் தொலைக்காட்சி 1975இல் ஒளிபரப்பத் தொடங்கிய 625 வரி முறையில், துடிப்பு கீழ்நோக்கி மட்டும் 300 மில்லிவோல்ட் இறங்கும். வரிகள் நொடிக்கு 15,625. அதற்கு எல்எம்1881 என்ற சில்லு போதும்.

720பி, 1080ஐ ஆகிய உயர்வரையறை சிக்னல்களில் துடிப்பு முதலில் −300 மில்லிவோல்ட்டுக்கு இறங்கி, உடனே +300க்கு ஏறும். இடையில் பூஜ்யத்தைக் கடக்கும் அந்த ஏற்றமே வரியின் நேரப்புள்ளி. பழைய சில்லு இந்த மும்மட்டத் துடிப்புக்காக வடிவமைக்கப்பட்டதன்று, எல்எம்எச்1981 அதற்கானது. துடிப்பின் பாதி உயரத்தில் வெட்டுவதால், நீண்ட கேபிளில் சிக்னல் தளர்ந்தாலும் நேரப்புள்ளி பெரிதாக நகராது. சில்லைத் தேர்ந்தெடுக்கையில் முதலில் பார்க்கவேண்டியது ஜிட்டர், அதாவது நேரப்புள்ளியின் நடுக்கம். விலை அதற்கு அடுத்ததுதான்.

எச்டிஎம்ஐ போன்ற டிஜிட்டல் இணைப்புகளுக்கு இச்சில்லு வேண்டாம். திருப்பூர் போன்ற பின்னலாடை மையங்களில் துணிக்குறை காண உதவும் லைன் ஸ்கேன் கேமராவுக்கும் பொதுவாக வேண்டாம்: துணி ஓடும் உருளையில் பொருத்திய என்கோடரின் துடிப்பே அதன் ஒவ்வொரு வரியையும் தொடங்கி வைக்கிறது.