திருச்சி, ஸ்ரீரங்கம் நில எல்லைப் பதிவுகள்

திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் பூர்வீக நிலத்தைத் தேடுவோர் பாட்டனார் பெயரை மட்டும் நம்பினால் திணறுவர். ஒரே ஊரில் ஒரே பெயர் பலருக்கு இருக்கும். சர்வே எண்ணே வழிகாட்டி. ஆனால் 1979-இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பல உட்பிரிவுகள் மாறின. அதற்கு முந்தைய நிலையை 'அ' பதிவேட்டிலும், இன்னும் பழையதைப் பைமாஷ் எண்ணிலும் தேட வேண்டும்.

பழைய கிரயப் பத்திரங்களில் எண்ணைவிட உதவுவது செக்குபந்தி, அதாவது நான்கெல்லை. இன்னாருடைய நஞ்சைக்கு மேற்கு, வாய்க்காலுக்குத் தெற்கு என்று அது இடத்தைச் சொல்லும். சோழர் கல்வெட்டுகளும் நிலத்தை இப்படியே குறித்தன. பக்கத்து நிலத்துக்காரர் மறைந்தாலும் உய்யக்கொண்டான் போன்ற வாய்க்கால் இன்றும் ஓடுகிறது. அந்தப் பக்கத்து நிலத்தின் பத்திரத்தில் நம்மவர் பெயர் எல்லையாக வந்திருக்கவும் கூடும். பலர் இதைத் தேடுவதே இல்லை.

ஸ்ரீரங்கத்தில் சிக்கல் வேறு. அங்கே வீடு ஒருவருடையது, அடிமனை கோயிலுடையது என்ற வழக்கு நெடுநாளாக உள்ளது. சென்னை மாகாணத்தில் 1858-இல் அமைந்த இனாம் கமிஷன் மானிய நிலங்களை ஆராய்ந்து பதிந்தது. அக்காலப் பதிவுகளைக் கோயில் தரப்பும், தலைமுறைப் பத்திரங்களைக் குடியிருப்போரும் காட்டுகின்றனர். பட்டா வருவாய்த்துறை ஆவணமே. அது மட்டும் உரிமையை நிலைநாட்டாது. எனவே பாட்டனார் பத்திரம் கையில் கிடைத்தாலும், அதில் விற்கப்பட்டது கட்டடம் மட்டுமா, மண்ணும் சேர்த்தா என்ற வரியை முதலில் பார்க்க வேண்டும்.