ஈரம் பார்த்தவர்கள்

சிவகாசியில் அச்சுத்தொழில் தீப்பெட்டியின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். பெட்டி வந்ததும் அதன்மேல் ஒட்ட லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக லித்தோ வந்தது. பிறகு ஆஃப்செட், காலண்டர், டைரி. மழை குறைந்த ஊர் என்பதால் தீக்குச்சியும் பட்டாசும் இங்கே செழித்தன என்று எல்லோரும் எழுதுவார்கள். அந்த வறட்சி காகிதத்துக்கு ஆகாது என்பதை யாரும் எழுதுவதில்லை. பிரஸ்ஸில் காகித குடோன் பார்த்தவன் நான், அதனால் எழுதுகிறேன்.

காகிதம் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், காற்று காய்ந்தால் விட்டுவிடும். ஈரம் ஏறினால் நார் தடிக்கும். நார் ஓடும் திசைக்குக் குறுக்கே ஷீட் நீளும். கண்ணுக்குத் தெரியாத நீளம்தான். ஆனால் ஒற்றைக் கலர் மெஷின் காலத்தில் ஒரே ஷீட் நான்கு தடவை ஓடவேண்டும். இன்று மஞ்சள் ஓட்டிவிட்டு நாளை சிவப்பு என்றால், நடுவில் ஒரு ராத்திரி மழை பெய்தால் போதும். முருகனின் உதட்டுச் சிவப்பு உதட்டைத் தாண்டி ஒரு கோடாக நிற்கும். “ரெஜிஸ்டர் போச்சு” என்பார் மெஷின்மேன். அடுத்த கேள்வி குடோனுக்குத்தான் வரும்.

பழைய கைகள் ஷீட்டின் மூலையைப் பிடித்து உதறுவார்கள். காய்ந்த தாள் சடசடக்கும், ஈரத்தாளின் சத்தம் அமுங்கியிருக்கும். அடுக்கின் ஓரம் அலையடித்தால் ஈரம் குடித்திருக்கிறது. ஓரம் இறுகி நடு உப்பினால் ஓரம் காய்ந்துவிட்டது. சித்திரை வெயிலில் தாளில் கரண்ட் ஏறி ஃபீடரில் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு போகும். தரையில் தண்ணீர் தெளிப்போம், ஜன்னலில் ஈரச் சாக்கு கட்டுவோம். புதுக் கட்டைப் பிரிக்காமல் மெஷின் ஹாலிலேயே ஒன்றிரண்டு நாள் போட்டுவைப்போம். வெளிக்காற்றுக்கும் கட்டுக்கும் ஒத்துப்போன பிறகுதான் கத்தி வைப்பது.

நம் ஊர்க் கஷ்டம் என்றுதான் நினைத்திருந்தோம். நியூயார்க்கின் புரூக்ளினில் சாக்கெட் அண்ட் வில்ஹெல்ம்ஸ் என்ற லித்தோ அச்சகத்துக்கும் இதே தலைவலி இருந்திருக்கிறது. ‘ஜட்ஜ்’ என்ற பத்திரிகையை அவர்கள் கலரில் அச்சடித்தார்கள். கோடைப் புழுக்கத்தில் ஒரு கலருக்கும் அடுத்த கலருக்கும் நடுவில் தாள் அளவு மாறிக்கொண்டே இருந்தது. பஃபலோ ஃபோர்ஜ் கம்பெனியில் வேலை பார்த்த வில்லிஸ் கேரியர் என்ற 25 வயது எஞ்சினியரிடம் அந்த வேலை போனது. 1902 ஜூலை 17 தேதியிட்ட அவருடைய வரைபடத்தில்தான் இன்றைய ஏசி பிறந்தது. வருஷம் முழுக்க 55 சதவீத ஈரப்பதம் என்பதே அவர் வைத்த இலக்கு. உலகத்தின் தூக்கத்தைக் குளிர்ச்சியாக்கிய மெஷின் முதலில் குளிரவைத்தது காகிதத்தை. சினிமாக் கொட்டகையும் ஆபீஸும் பின்னால் வந்தவை.

ஈரத்தை எண்ணாகச் சொல்லும் கருவி அதற்கும் பழசு. சோஸ்யூர் என்ற ஜெனீவாக்காரர் 1783இல் தலைமுடியால் ஈரமானி செய்வதை விவரித்து நூல் எழுதினார்; ஈரத்தில் முடி நீளும், முள் நகரும். பின்னாளில் அச்சகத்துக்கென்றே வாள்போலத் தட்டையான நீண்ட தகட்டோடு ஒரு மானி வந்தது. அதை அடுக்கின் நடுவில் செருகிவிட்டுச் சற்றுப் பொறுத்தால் உள்ளேயிருக்கும் ஈரத்தைக் காட்டும். அதைச் செருகும்போது பக்கத்தில் யாரும் பேசக்கூடாது என்று எங்கள் ஃபோர்மேன் ஒரு விதி வைத்திருந்தார். மானிக்குக் காது கிடையாது. அவருக்கு அது ஒரு பூஜை.

ஆக, அளப்பது புதிதல்ல. அளந்த எண் கட்டடத்தை விட்டு வெளியே போனதுதான் புதிது. அதில் எங்களுக்கு நல்லதும் நடந்தது. முன்பு மழைக்காலத்தில் லாரியில் வந்த லோடு ஓரம் நனைந்திருந்தால், மில் லாரியைக் காட்டும், லாரிக்காரர் தார்ப்பாயைக் காட்டுவார், தரகர் என் குடோன் கூரையைக் காட்டுவார். ஒரு தடவை அந்த நஷ்டத்தில் பாதி எங்கள் தலையில் விழுந்தது. இப்போது கட்டுக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு லாகர் வைத்து அனுப்புகிறார்கள். எந்த மணிக்கு ஈரம் ஏறியது என்று அது பதிந்துவைக்கும். அந்த மணிக்கு லோடு யார் கையில் இருந்தது என்பதைப் பார்த்தால் தகராறு முடிந்துவிடும்.

மையின் எண்ணும் இப்படி வெளியே போகிறது, ஆனால் அதன் கதை வேறு. எத்தனை பிரதி என்ற எண்ணிக்கையை வைத்துக் காசு வாங்கும் பழக்கத்துக்கு 1959இல் வந்த ஜெராக்ஸ் 914 வழிகாட்டி. மெஷினை மாத வாடகைக்குக் கொடுத்தார்கள், அதிலிருந்த மீட்டரைப் படித்து, வரம்புக்கு மேல் எடுத்த பிரதிகளுக்குத் தனியாக வசூலித்தார்கள். ஹெச்பி 2013இல் கொண்டுவந்த திட்டத்தில், மை குறைவதைப் பிரின்டரே இணையம் வழியாகச் சொல்லிவிடும். கார்ட்ரிட்ஜ் வீட்டுக்கு வரும். ஹைடல்பெர்க் கம்பெனி 2000களிலேயே ஜெர்மனியிலிருந்தபடி மெஷினின் கோளாறைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. சில பெரிய பிரஸ்களில் மை இப்போது டின்னில் வருவதில்லை. பீப்பாயிலிருந்து பம்ப் இழுக்கிறது, மட்டத்தைச் சென்சார் பார்க்கிறது, சப்ளையருக்குத் தகவல் போகிறது. தீபாவளி நெருக்கத்தில் “சிவப்பு தீர்ந்துபோச்சு” என்று சைக்கிளில் பையனை விரட்டும் வேலை ஒழிந்தது. எனக்கு அதில் சந்தோஷம்தான்.

ஆனால் ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டுப் புதுக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பத்தை வெளியிட்ட பிறகு எத்தனை ஆர்டர் விழுந்தது என்பது, முதலாளி கூடப்பிறந்த தம்பியிடமே சொல்லாத கணக்கு. மை எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பவனுக்கு அந்தக் கணக்கு தானாகத் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு பிரஸ்ஸில் மை கம்பெனி ஆள் வந்து, “இந்த சீசன் கொஞ்சம் டல்லோ அண்ணாச்சி?” என்று கேட்டாராம். “ஏன், பீப்பாய் சொல்லிச்சோ?” என்றார் அண்ணாச்சி. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, அந்த எண்கள் தினமும் தன் போனுக்கும் வரவேண்டும், வேறு யாருக்கும் போகக்கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.