மதுரைக் குன்றங்களும் நம் முன்னோர் நடந்த வழிகளும்

மனிதர் பயணத்தை ஏன் விரும்புகின்றனர்? காணாத ஊரைக் காணும் ஆவல் என்பர் சிலர். பொருள் தேடும் தேவை என்பர் சிலர். வீட்டுக் கவலைகளிலிருந்து சில நாள் விலகியிருக்கும் இளைப்பாறுதல் என்பர் வேறு சிலர். இவை யாவும் உண்மையே. எனினும் ஜினதருமத்தைப் பின்பற்றும் நமக்கு இவ்வினா அத்துணை எளிதன்று. நம் அறநூல்கள் பயணத்தைத் தடையின்றிப் புகழ்வதில்லை. அதற்கு வரம்பு கட்டுகின்றன.

இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் திசைவிரதம் ஒன்று. மலை, ஆறு, கடல், ஊர் எனப் பலரும் அறிந்த அடையாளங்களைக் கொண்டு பத்துத் திசைகளிலும் எல்லை வகுத்து, அதனை வாழ்நாள் முழுதும் கடவாதிருக்கச் சாவகர் உறுதி பூணுவர். எல்லைக்கு அப்பால் அவரால் எவ்வுயிர்க்கும் இன்னல் நேராது. ஆசையும் அவ்வளவில் குறையும். துறவியர்க்கோ விதி வேறு. கார்காலத்து நான்கு மாதங்கள் நீங்கலாக ஓரிடத்தில் நீடு தங்குதல் அவர்க்கு ஆகாது. தங்கினால் இடத்தின் மீதும் மக்கள் மீதும் பற்று வளரும். ஆகவே நடந்துகொண்டே இருத்தல் வேண்டும். அந்நடையிலும் ஒரு நுகத்தடி அளவு முன்னே நோக்கி, சிற்றுயிர் மிதிபடாமல் அடி வைத்தல் வேண்டும்.

இல்லறத்தார் எல்லை கடத்தலாகாது. துறவியர் ஓரிடத்தே நிலைத்தலாகாது. இவ்விரு நெறிகளையும் உடைய நம் முன்னோர் எத்தகைய பயணங்களை எதன் பொருட்டு மேற்கொண்டனர் என்பதைக் கல்லிலேயே படித்தறியக்கூடிய இடம் மதுரையும் அதனைச் சூழ்ந்த சமவெளியும் ஆகும்.

மதுரை என்றவுடன் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது கி.பி. 7ஆம் நூற்றாண்டுச் சமயப் பூசலும் கழுவேற்றக் கதையுமே. பாட்டனார் காலத்திலிருந்து அக்கதை சொல்லப்பட்டு வந்ததனால், அந்நகரை நாம் துயரத்தின் ஊராகவே எண்ணப் பழகிவிட்டோம். வட ஆர்க்காட்டிலும் தென் ஆர்க்காட்டிலும் காஞ்சியைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் நம்மவருள், சம்மேதகிரிக்கும் சிரவணபெளகொளாவுக்கும் சென்று வந்தவர் பலர். மதுரைக் குன்றுகளை ஏறிக் கண்டவர் அத்துணைப் பேர் இரார். அக்குன்றுகள் கூறும் வரலாறு நாம் கேட்டு வளர்ந்த கதையினும் நீண்டது.

கற்படுக்கைகள்

மதுரையைச் சுற்றிச் சமணர்க்குரிய எட்டுக் குன்றங்கள் இருந்தன என்பது பழைய வழக்கு. எண்பெருங்குன்றம் என அவை போற்றப்பட்டன. பரங்குன்றம், யானைமலை, அழகர்மலை முதலியன அவ்வரிசையைச் சார்ந்தவை. இவையன்றி மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, கருங்காலக்குடி, கொங்கர் புளியங்குளம், முத்துப்பட்டி, வரிச்சியூர், விக்கிரமங்கலம் எனப் பல ஊர்களின் குன்றுகளிலும் இயற்கைக் குகைத் தளங்களில் படுக்கைகள் வெட்டப்பட்டுள்ளன. தலை வைக்குமிடம் மட்டும் சிறிது உயர்த்தப்பட்ட, ஒரு மனிதர் கிடக்கும் அளவே உள்ள படுக்கைகள் அவை. குகையின் நெற்றியில் மழைநீர் உட்புகாதவாறு நீளக் காடி வெட்டப்பட்டிருக்கும். பல இடங்களில் அருகிலேயே சுனையும் உண்டு.

ஊர் மக்கள் இவற்றைப் பஞ்சபாண்டவர் படுக்கை என அழைப்பர். வனவாசத்தில் அலைந்தோர் துயின்ற இடம் என்பது அவர்தம் நம்பிக்கை. பெயர் மாறினும், வழிநடந்தோர் இளைப்பாறிய இடம் என்னும் நினைவு மட்டும் அழியாதிருப்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

மாங்குளம் குகையின் எழுத்துகளை 1882இல் இராபர்ட் சிவெல் கண்டறிந்தார். அவை எம்மொழி என்பது பல்லாண்டுகள் விளங்காதிருந்தது. இக்குகை எழுத்துகளின் மொழி தமிழே என்பதை 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். பிற்காலத்தில் ஐராவதம் மகாதேவன் இவற்றை முழுமையாக ஆய்ந்து, மாங்குளம் கல்வெட்டுகளைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டினவாகக் கணித்தார். பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயரும், அவன் பணியாளன் கடலன் வழுதி கணி நந்தாசிரியர்க்கு அளித்த கொடையும் அங்கே பதிவாகியுள்ளன. அரசர் வழியினரோடு வெள்ளறை நிகமத்தாரும் கொடையாளராக நிற்கின்றனர். நிகமம் என்பது வணிகர் குழு.

கொடை அளித்தோர் வந்த வழிகள்

இக்கல்வெட்டுகள் மிகச் சிறியன. பெரும்பாலும் ஒரு பெயர், ஓர் ஊர், ஒரு தொழில், கொடுத்த பொருள் என்பதோடு முடிந்துவிடும். அந்த ஊர்ப் பெயர்களையும் தொழில்களையும் வரிசைப்படுத்தினால் ஒரு வழிப்படம் கிடைக்கின்றது.

அழகர்மலைக் குகையில் உப்பு வணிகன், வெல்லப்பாகு விற்ற பாணித வணிகன், உழுபடைக்குரிய கொழுவை விற்ற கொழு வணிகன், துணி விற்ற அறுவை வணிகன், மதுரைப் பொற்கொல்லன் ஆகியோர் பெயர்கள் உள்ளன. உப்பு கடற்கரையில் விளைவது. கொழு உழவர் வாழும் உள்நாட்டில் விலைபோவது. இவ்வணிகர் தம் சரக்குடன் ஊர் ஊராகச் சென்றவர். முத்துப்பட்டிக் கல்வெட்டில் முசிறியைச் சேர்ந்த ஒருவர் பெயர் காணப்படுகின்றது. முசிறி மேலைக் கடற்கரைத் துறைமுகம். அங்கிருந்து மதுரைக்கு வர மேற்கு மலைத்தொடரைக் கடக்க வேண்டும். கீழவளவில் தொண்டியைச் சார்ந்த உபாசகர் ஒருவரின் பெயர் உள்ளது. தொண்டி என்னும் பெயர் இரு கடற்கரைகளிலும் உண்டாயினும், எக்கரையாயினும் அவர் கடலோரத்து ஊரினர். திருப்பரங்குன்றத்திலோ எருக்காட்டூரில் வாழ்ந்த ஈழத்துக் குடும்பத்தலைவர் ஒருவர் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. கடல் கடந்து வந்த குடியினரும் இம்மலைப் பள்ளியைத் தம்முடையதாகக் கருதினர் என்பது இதனால் விளங்கும்.

இவர்கள் மலையைக் காண வந்தவரல்லர். வணிகத்தின் பொருட்டு வந்தவர். வந்த வழியில் அறவோரைக் கண்டனர். அவர்தம் சொல் கேட்டனர். பொருளின் ஒரு பகுதியை ஒரு படுக்கைக்கோ குகைக் கூரைக்கோ கொடுத்தனர். திசைவிரதம் அடக்க முயல்வது எல்லையின்றிப் பொருள் தேடும் வேட்கையை. அவ்வேட்கையோடு புறப்பட்ட வணிகர், வேட்கையை விட்டவர் துயிலும் இடத்தில் கையிலிருந்ததைப் பகிர்ந்து சென்றனர். பெருவழிகளை ஒட்டி நம் பள்ளிகள் அமைந்ததன் பொருள் இதுவேயாகும்.

கவுந்தியடிகள்

இத்தகைய பயணத்தை இலக்கியத்தில் காட்டியவர் இளங்கோவடிகள். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் இழந்த பொருளை மீட்கும் நோக்கில் புகாரிலிருந்து மதுரைக்குப் புறப்படுகின்றனர். வழியில் அவர்களுடன் சேரும் கவுந்தியடிகளுக்குப் பொருள் வேண்டியதில்லை. மதுரையில் அறவுரை கேட்டு அறிவனை வணங்க வேண்டும் என்பதே அவர் நெடுநாள் விருப்பம். ஒரே வழியில் மூவர் நடக்கின்றனர். அவர்தம் நோக்கம் இருவேறு.

அவ்வடிகள் வழித்துணைவர்க்கு முதலில் கூறுவது வழியின் அழகையன்று. நடக்கும்போது நம் அடியினால் சிற்றுயிர்க்கு நேரக்கூடிய தீங்கினையே. வயல்வழி சென்றால் அங்குள்ள நண்டுக்கும் நந்துக்கும் ஊறு நேரும் என அஞ்சுகிறார். பயணத்தை இவ்வளவு கவனத்தோடு அணுகிய வேறொரு வழிநடையை உலக இலக்கியத்தில் காண்பது அரிது. வையையைக் கடந்து மதுரையின் புறஞ்சேரியை அடைந்தபின், கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாக ஒப்புவிக்கிறார். பின்னர்க் கோவலன் மாண்ட செய்தி கேட்டு உண்ணாநோன்பிருந்து உயிர் துறக்கிறார். அவர் தேடிச் சென்ற மதுரை அவருக்கு ஈந்தது அத்துயரமே. எனினும் துணையாக வந்தவரை வழியில் கைவிடாதவர் என்னும் பெருமை அவர்க்கு உரியது.

அச்சணந்தியும் அவர் தாயாரும்

7ஆம் நூற்றாண்டுப் பூசலுக்குப் பின் மதுரையில் சமணம் அற்றுப்போயிற்று என்று கருதுவோர் அறிய வேண்டிய சான்றுகள் அதன் பின்னரே மிகுதியாகக் கிடைக்கின்றன. கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் இதே குன்றுகளில் தீர்த்தங்கரர் திருமேனிகள் செதுக்கப்பட்டன. கி.பி. 870இல், வரகுண பாண்டியன் ஆட்சியில், பழனிக்கு அருகிலுள்ள ஐவர்மலையில் பார்சுவநாதர் திருமேனியையும் இயக்கியரையும் சாந்திவீரக்குரவர் புதுப்பித்து, வழிபாட்டுக்கென 505 காணம் பொன் வைத்தார்.

இக்காலத்தின் பெரும் பயணி அச்சணந்தி முனிவர். மதுரைப் பகுதியில் யானைமலை, அழகர்மலை, கருங்காலக்குடி, கொங்கர் புளியங்குளம் ஆகிய இடங்களில் அவர் பெயர் கற்களில் உள்ளது. மேற்கே உத்தமபாளையத்திலும், தெற்கே ஏர்வாடியிலும், குமரி மாவட்டத்துச் சிதறாலிலும், வடக்கே வேலூர்ப் பகுதி வள்ளிமலையிலும் அதே பெயர் காணப்படுகின்றது. வள்ளிமலைக்கும் சிதறாலுக்கும் இடையே 600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. ஊர்தியேறாத முனிவர் அதனைக் கால்நடையாகவே கடந்திருத்தல் வேண்டும். தங்கிய இடமெங்கும் ஒரு திருமேனி எழுந்தது.

கீழக்குயில்குடிச் சமணமலையில் பேச்சிப்பள்ளம் என்னும் இடத்தில் பாகுபலி, பார்சுவநாதர் உள்ளிட்ட திருமேனிகள் ஒரே வரிசையில் அமைந்துள்ளன. அவற்றுள் ஒன்றைச் செய்வித்தவர் அச்சணந்தியின் தாயார் குணமதியார் எனக் கல்வெட்டு கூறுகின்றது. மகன் துறவு பூண்டு திசையெங்கும் நடந்தார். தாயின் பெயரோ ஒரு பாறையில் நிலைத்தது. அதில் மகனின் பெயரும் உடன் நிற்கின்றது. துறவியாகப் புறப்பட்ட பிள்ளையை வழியனுப்பிய இல்லங்கள் நம்மிடையே இன்றும் உண்டு. அவ்வில்லத்தார்க்கு அச்சிறு கல்வெட்டின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

கல்வியின் பொருட்டும் பயணங்கள் நிகழ்ந்தன. அருப்புக்கோட்டைப் பகுதியிலிருந்த குரண்டித் திருக்காட்டாம்பள்ளியின் மாணாக்கர் சமணமலையில் திருமேனிகள் செய்வித்தனர். சிதறாலின் பழம்பெயரான திருச்சாரணத்தைச் சேர்ந்த குரத்தியர், அதாவது பெண் ஆசிரியர், கழுகுமலையில் திருமேனி நிறுவினர். சமணமலை உச்சியிலுள்ள கன்னடக் கல்வெட்டோ பெளகொளத்து மூலசங்கத்தைச் சார்ந்த முனிவர்களைக் குறிப்பிடுகின்றது. நாம் இன்று மதுரையைக் கடந்து பெளகொளம் செல்கின்றோம். அன்று பெளகொளத்து முனிவர் மதுரை நோக்கி வந்தனர்.

இன்று நாம் செல்லும் பயணம்

காலப்போக்கில் இப்பகுதியில் நம் குடிகள் அருகின. குன்றுகளைக் காக்கச் சாவகர் இலர். ஆயினும் திருமேனிகள் முற்றும் கைவிடப்படவில்லை. சமணமலைச் செட்டிப்புடவில் வீற்றிருக்கும் தீர்த்தங்கரரை ஊரார் செட்டியார் என மரியாதையோடு அழைத்தனர். பேச்சிப்பள்ளம் என்னும் பெயரில் அவர்தம் தெய்வத்தின் பெயர் கலந்துள்ளது. அரிட்டாபட்டி 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் அவ்வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டபோது, எதிர்த்து நின்றவர் அவ்வூர்களின் உழவரும் பெண்டிருமே. 2025 சனவரியில் அவ்வேலம் கைவிடப்பட்டது. 2010 முதல் மதுரைப் பசுமை நடையினர் பல சமயத்தாரையும் திரட்டி இக்குன்றுகளுக்கு அழைத்துச் செல்கின்றனர். நம் இளைஞர் தொடங்கிய அகிம்சை நடையும் அவ்வகையிலேயே பழந்தலங்களை நமக்கு மீண்டும் அறிமுகம் செய்துள்ளது. நமக்குரியதைப் பிறர் காத்து வைத்திருக்க, நாம் சென்று காணாதிருப்பது முறையாகாது.

செல்வோர்க்குச் சில சொற்கள். குன்றுகள் ஒரே நாளில் கண்டு முடிப்பதற்குரியன அல்ல. ஒரு நாளைக்கு இரண்டு போதும். கீழக்குயில்குடியை முதலில் கொள்ளலாம். காலையில் ஏறினால் வெயிலுக்கு முன் இறங்கலாம். இரவுண்ணாமை காப்போர் கட்டுச்சோறும் வடிகட்டிய நீரும் உடன் கொண்டு செல்லல் நலம். கற்படுக்கையில் அமர்தலும், எழுத்துகளின் மீது எண்ணெயோ சுண்ணமோ தடவுதலும் கூடா. சில குகைகளில் அண்மைக்காலத்தார் தம் பெயரைக் கீறிச் சென்றுள்ளனர். அதே பாறையில் உள்ள பழம்பெயர்கள் கொடுத்தவரின் பெயர்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

புறப்படுமுன் ஒன்று செய்யலாம். திசைவிரதம் மேற்கொள்வோர் எல்லை வகுப்பதுபோல, இப்பயணத்தில் எதைத் தவிர்ப்போம், எதைக் கொடுப்போம் என வீட்டார் கூடி முடிவு செய்யலாம். மலையடிவாரத்து ஊர்ப் பள்ளிக்குச் சில நூல்கள், காவல் புரியும் பெரியவர்க்கு ஒரு மரியாதை, வழித்தடத்தில் கிடக்கும் நெகிழிக் குப்பையை அகற்ற ஒரு மணி நேரம் என எதுவாயினும் தகும். உப்பு வணிகர் கொடுத்ததும் அவர் வசதிக்கேற்ற சிறு பொருளே. அடுத்த கார்காலம் கழிந்து, முனிவர் மீண்டும் விகாரம் புறப்படும் கார்த்திகைக்குப் பின், ஒவ்வொரு கிளையூரிலிருந்தும் ஒரு குழுவேனும் மதுரைக்குச் செல்லுமாயின், துயரத்தின் ஊர் என நாம் நினைந்திருந்த நகரை நம் பிள்ளைகள் குணமதியாரின் ஊராகவும் அறிந்து வளர்வர்.