பாட்டுப் பெட்டிக்குள் ஒரு வீடு

1981 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் எம்டிவி தொடங்கியபோது அதன் சரக்கு பாடல் காட்சிகள் மட்டுமே. இசைத்தட்டு நிறுவனங்களே தம் விளம்பரத்துக்காக அவற்றை அளித்தன. ஆனால் பிடிக்காத பாட்டு வந்ததும் அலைவரிசையை மாற்றிவிடும் நம்மைப் போன்றவர்களை அரைமணி நேரம் உட்காரவைப்பது எப்படி? 1987இல் வந்த 'ரிமோட் கண்ட்ரோல்' வினாடிவினா அதற்கொரு விடை. தொலைக்காட்சியைப் பற்றியே கேள்விகள். தோற்றவர் சாய்வு நாற்காலியோடு சுவருக்குப் பின்னால் இழுக்கப்படுவார்.

1992இல் 'தி ரியல் வேர்ல்ட்' வந்தது. மேரி எல்லிஸ் புனிம், ஜொனாதன் முர்ரே இருவரும் முதலில் எண்ணியது இளைஞர்களுக்கான நெடுந்தொடர்தான். எழுத்தாளர், நடிகர் செலவு கட்டுப்படியாகவில்லை. முன்பின் அறியாத ஏழு பேரை நியூயார்க்கில் ஒரே வீட்டில் குடிவைத்துப் படம்பிடித்தனர். சிக்கனம் ஈன்ற வடிவம் இது.

அந்தரங்கத்தை விற்கும் மலிவான பண்டம் என்று இதை நாம் எளிதில் ஒதுக்கிவிடலாம். ஆனால் 1994இல் சான்பிரான்சிஸ்கோ வீட்டுக்கு வந்த ஏழு பேரில் ஒருவர் பெட்ரோ ஸமோரா. கியூபாவில் பிறந்தவர், எச்ஐவி தொற்றோடு வாழ்ந்து, அது குறித்துப் பேசிவந்தவர். எய்ட்ஸைச் செய்தியாக மட்டுமே அறிந்திருந்த பலர், அவர் உண்பதையும் சண்டையிடுவதையும் காதலிப்பதையும் வாரந்தோறும் கண்டனர். நவம்பர் 10 அன்று இறுதிப் பகுதி ஒளிபரப்பானது. மறுநாள் அவர் இறந்தார். வயது 22.

2010இல் எம்டிவி தன் சின்னத்திலிருந்து 'மியூசிக் டெலிவிஷன்' என்ற சொற்களை நீக்கியது. இசை போனதற்கு வருந்தும் நாம், அதனிடத்தில் வந்தவை அனைத்தும் வெறும் குப்பையல்ல என்பதையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.