இரண்டு அடைச்சொற்களை விலக்கிய வழக்கறிஞர்

வைமார் குடியரசின் 1919ஆம் ஆண்டு அரசியலமைப்பு, ஆண்களுக்கும் பெண்களுக்கும் 'அடிப்படையில்' ஒரே 'குடிமை' உரிமைகளும் கடமைகளும் உண்டு என்றது. மொழியியல் பயின்ற எனக்கு இவ்விரு அடைச்சொற்களையும் எளிதில் கடந்துபோக இயலவில்லை. ஒருவரை 'அடிப்படையில் நல்லவர்தான்' என்றால், கேட்பவர் அடுத்து வரும் 'ஆனால்' என்ற சொல்லுக்குக் காத்திருப்பார் அல்லவா? ஜெர்மன் சட்ட வழக்கிலும் அச்சொல் விதிவிலக்குக்கு இடம்விடுவதே. இரண்டாவது சொல் இன்னும் நுட்பமானது. வாக்குச்சாவடியில் சமம், வீட்டுக்குள் அன்று. 1900 முதல் நடைமுறையிலிருந்த உரிமையியல் சட்டத்தொகுப்பின்படி, இல்லறம் சார்ந்த அனைத்திலும் முடிவெடுக்கும் உரிமை கணவனுக்கே உரியது. 1948இல் முன்வைக்கப்பட்ட வரைவு முதல் சொல்லை விட்டது, இரண்டாவதை விடவில்லை.

அதையும் விலக்கச் செய்தவர் எலிசபெத் ஸெல்பெர்ட். 1896இல் காஸ்ஸல் நகரில் பிறந்தவர். முதல் உலகப் போர்க்காலத்தில் அஞ்சல் துறையில் பணியாற்றினார். 1920இல் சமூக ஜனநாயகக் கட்சியினரான ஆடம் ஸெல்பெர்ட்டை மணந்தார். இரு குழந்தைகளுக்குத் தாயான பின், 1926இல் தனித்தேர்வராகப் பள்ளியிறுதித் தேர்வெழுதிச் சட்டம் பயின்று, 1930இல் முனைவர் பட்டம் பெற்றார். இடையே நான்கே ஆண்டுகள்! ஆய்வேட்டை ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்போன்றோர் இதைப் பேசாமல் கடப்பதே நலம்.

1933இல் நாஜிகள் ஆடமைப் பதவிநீக்கி முகாமில் அடைத்தனர். குடும்பச் சுமை மனைவிமேல் விழுந்தது. 1934 டிசம்பரில், பெண்கள் வழக்கறிஞராவதைத் தடுக்கும் விதி நடைமுறைக்கு வரும் தறுவாயில், ஸெல்பெர்ட் பதிவு பெற்றார்.

போருக்குப் பின் பான் நகரில் கூடிய அரசியலமைப்புப் பேரவையில் வாக்குரிமை உடைய 65 பேரில் நால்வரே பெண்கள். சொந்த மாநிலமான ஹெஸ்ஸன் ஸெல்பெர்ட்டை அனுப்பவில்லை; லோயர் சாக்சனி வழியாகவே அவர் இடம்பெற்றார். அவர் முன்மொழிந்த வாக்கியம்: 'ஆண்களும் பெண்களும் சம உரிமை உடையவர்கள்.' ஜெர்மனில் ஐந்து சொற்கள், தமிழிலும் ஐந்தே.

1948 டிசம்பர் 3 அன்று முதன்மைக் குழு அதை நிராகரித்தது. ஏற்றால் உரிமையியல் சட்டத்தொகுப்பே அரசியலமைப்புக்கு முரணாகிவிடும் என்பது தாமஸ் டேலர் முதலியோரின் வாதம். அவ்வாதம் பிழையன்று; ஸெல்பெர்ட் வேண்டியதும் அதுவே. அவர் ஊர் ஊராகச் சென்று பேசினார். மகளிர் அமைப்புகளும் தொழிற்சங்கப் பெண்களும் மனுக்கள் அனுப்பினர். கூடை கூடையாகக் கடிதங்கள் குவிந்தன என்னும் கதை ஓரளவு மிகையே. ஆயினும் அழுத்தம் மெய்யானது. 1949 ஜனவரி 18 அன்று அதே குழு அதே வாக்கியத்தை ஒருமனதாக ஏற்றது.

ஒரு சலுகையும் உடன் வந்தது. முரண்படும் பழைய சட்டங்கள் 1953 மார்ச் 31 வரை செல்லும். அதற்குள் திருத்தவேண்டிய நாடாளுமன்றம் திருத்தவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம், அவ்வாக்கியம் நேரடியாகச் செல்லுபடியாகும் சட்டமே என்று தீர்ப்பளித்தது. திருத்தச் சட்டம் 1958இல்தான் நடைமுறைக்கு வந்தது.

அந்நாடாளுமன்றத்தில் ஸெல்பெர்ட்டுக்கு இடம் கிட்டவில்லை. 1958 வரை ஹெஸ்ஸன் சட்டமன்றத்தில் இருந்துவிட்டு, காஸ்ஸலில் குடும்பநல வழக்குகளை நடத்தினார். 1930இல் அவர் எழுதிய ஆய்வேடு, தம்பதியரில் குற்றவாளி யார் எனத் தேடாமல் மணவாழ்வின் முறிவையே மணவிலக்குக்குக் காரணமாகக் கொள்ளவேண்டும் என்று வாதிட்டது. மேற்கு ஜெர்மனியில் அக்கொள்கை கொண்ட சட்டம் 1977இல் நடைமுறைக்கு வந்தது. அப்போது ஸெல்பெர்ட்டுக்கு எண்பது வயது. வழக்கறிஞர் தொழிலை அவர் இன்னும் விட்டிருக்கவில்லை.